நூல் செய்யக் கற்றல்: உ.வே.சா.வின் ஏழாண்டுகள்

1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார், கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த உ.வே. சாமிநாதையர் (உ.வே.சா.). அப்போது அவருக்கு வயது 25. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று பட்டியல் நீண்டது. முதலியார் அதில் மனநிறைவு அடையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்றுதான் சாமிநாதையர் சொல்ல வேண்டியிருந்தது.

பழந்தமிழ் இலக்கிய மீட்பின் தொடக்கமாக இந்தச் சந்திப்பைச் சொல்வது வழக்கம். அது சரியே. ஆனால் அதற்குள் இன்னொரு வரலாறும் உண்டு. அன்று சாமிநாதையர் தேர்ந்த புலவர். ஆயினும் ஒரு நூலை வாசகர் கையில் கொடுக்கத் தக்கதாக ஆக்கும் தொழில் அவருக்குத் தெரியாது. 1887இல் சிந்தாமணியை அவர் வெளியிட்டபோது அது தெரிந்திருந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் அவர் என்ன கற்றார், யாரிடம் கற்றார்? எழுதியதைப் புத்தகமாக்க விரும்பும் எவரும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. புலமை வேறு, நூல் செய்யும் திறன் வேறு. பின்னதில் பெரும்பகுதியை வாசகரை முன்னிறுத்தி உழைக்கும்போதுதான் கற்க முடிகிறது. இதற்கு உ.வே.சா.வின் ஏழாண்டுகளைவிடத் தெளிவான சான்று தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

கால், கால், அரை

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு விளங்க எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இலக்கண நூலின் முகப்பில் இருப்பதாலேயே தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாகச் சுருங்கிப்போன கருத்து இது. நூல் செய்யும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறில்லை.

உ.வே.சா.வுக்கு முதல் கால் பங்கைக் கொடுத்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1876இல் பிள்ளை மறையும்வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவரிடம் சாமிநாதையர் பயின்றார். பிள்ளை பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். ஒரு தலபுராணம் உருவாகும் முழுச் செயலும் அப்படி எழுதுபவரின் கண்முன் நடந்தது. தலத்தின் வரலாற்றைக் கேட்டறிவது, படலங்களாக வகுப்பது, எந்தச் செய்தியை விரிப்பது எதைச் சுருக்குவது என்று முடிவு செய்வது, செய்யுளாக்குவது, கடைசியில் கோயிலில் அரங்கேற்றுவது. திருப்பெருந்துறைப் புராணத்தின் அரங்கேற்றத்துக்கு ஆசிரியரோடு சாமிநாதையரும் போயிருந்தார்.

தமிழ் மரபில் ஒரு நூல் வெளியாகும் வாயில் அரங்கேற்றமே. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையையும், அந்த நூலைக் கேட்ட அதங்கோட்டாசானையும் குறிப்பிடுகிறது. கேட்பவர் தடை எழுப்புவார், ஆக்கியவர் விடை சொல்வார். விடை சொல்ல முடியாத இடம் திருத்தப்பட வேண்டிய இடம். நூல் பிறர் காதில் விழுந்து சோதிக்கப்பட்ட பிறகே நூலாயிற்று.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அரங்கேற்றத்தில் ஆசிரியர் கூடவே இருக்கிறார். ஐயம் வந்தால் அங்கேயே தீர்த்து வைக்கலாம். அச்சு நூல் அப்படிப்பட்டதன்று. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் புத்தகத்தைத் திறக்கும்போது அவருக்கு எழும் ஐயத்துக்குப் புத்தகமே விடை சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த வாசகர் எங்கே தடுக்குவார், எதைக் கேட்பார் என்பதை முன்கூட்டியே அறிந்து, விடையை நூலுக்குள்ளேயே அமைத்து வைக்கும் திறனைப் பிள்ளையிடம் கற்க வழியில்லை. அந்தத் தேவையே பிள்ளையின் உலகத்தில் அவ்வளவாக எழவில்லை.

ஏட்டின் முன்னால்

சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3,000க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட காப்பியம். அதன் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் 1868இல் பவர் பாதிரியார் அச்சிட்டிருந்தார். மற்றவை ஏட்டிலும் கையெழுத்துப் படிகளிலும் கிடந்தன.

ஓர் ஏட்டைப் படிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடு இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே கொம்பு, ககரம், கால் என்ற மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அதைக் ‘கொ’ என்றும் ‘கோ’ என்றும் படிக்கலாம். ‘கெர’, ‘கேர’, ‘கெர்’, ‘கேர்’ என்றும் படிக்கலாம். பாட்டு அடி பிரித்து எழுதப்பட்டிராது. மூலம் முடிந்து உரை தொடங்கும் இடம் தெரியாது. உரையில் ஒரு மேற்கோள் வந்தால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. படிப்பவருக்கு முன்பே பொருள் ஓரளவு தெரிந்திருந்தால்தான் எழுத்தையே சரியாகப் படிக்க முடியும். பொருள் தெரிய வேண்டுமானால் எழுத்தைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரே வழி பல படிகளைத் தேடி ஒப்பிடுவது. உ.வே.சா. ஊர் ஊராகச் சென்று படி தேடியதும், திருவாவடுதுறை ஆதீனம் முதலிய இடங்களிலிருந்து ஏடுகளைப் பெற்றதும் இதற்காகவே. ஒரு படியில் கிடைத்த பாடத்தைப் போற்றி மற்றதைத் தூக்கி எறியாமல், வேறுபாடுகளைக் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அவர் இந்தக் கட்டத்தில்தான் பெற்றார்.

அடுத்த தடை பொருள். சைவச் சூழலில் வளர்ந்தவருக்குச் சிந்தாமணியின் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரை இருந்தும் பல இடங்கள் இருண்டே கிடந்தன. உ.வே.சா. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். தமிழ்ப் புலவர்களுக்கு அரிய காப்பியமாகத் தோன்றிய அந்த நூல் அவர்கள் வீடுகளில் பக்தியோடு படித்து வரப்பட்ட நூல். புலமைக்குப் புலப்படாததை நம்பிக்கையுள்ள வாசகர்கள் எளிதாகச் சொன்னார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவர்களிடம் மாணவராக உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நன்னூல் சொல்லும் இரண்டாவது கால் பங்கு அவருக்கு இப்படித்தான் கிடைத்தது. நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதை ஒத்த செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், பிறகு அவர் சமண நூல்களைக் கற்று உரையைத் திரும்ப எழுதினார் என்றும் சொல்வார்கள். எழுதியதைத் தக்கவரிடம் காட்டி, அவர் சொன்னதைக் கேட்டுத் திருத்துவதற்குத் தமிழில் எவ்வளவு பழைய மதிப்பு இருந்தது என்பதற்கு இந்த வழக்கே சான்று.

மூன்றாவது தடை மேற்கோள். நச்சினார்க்கினியர் எண்ணற்ற பழம்பாடல் அடிகளை எடுத்துக்காட்டுகிறார். அவை எந்த நூலில் வருகின்றன என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அவர் காலத்து வாசகருக்கு அந்த விவரம் தேவைப்பட்டிராது. 19ஆம் நூற்றாண்டு வாசகருக்கு அது தேவைப்பட்டது. ஒவ்வொரு மேற்கோளின் இருப்பிடத்தையும் தேடிக்கொண்டு போனபோதுதான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் உ.வே.சா.வின் கவனத்துக்கு உரியவையாயின. தேடியதை எளிதில் எடுக்க, தாமே குறிப்புகளும் அகராதிகளும் எழுதி வைத்துக்கொண்டார். தம் வசதிக்கென்று தொடங்கிய அந்த வேலை பின்னாளில் அவருடைய பதிப்புகளின் அடிக்குறிப்புகளாகவும் அரும்பத அகராதிகளாகவும் வாசகருக்குப் பயன்பட்டது. ஒரு நூலின் துணைப்பகுதிகள் எப்படிப் பிறக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆசிரியரே தடுக்கி நின்ற இடங்கள்தாம் வாசகருக்குக் குறிப்பு தேவைப்படும் இடங்கள்.

அச்சுக்கூடம் கற்பித்தது

பொருள் விளங்கிய பிறகும் நூல் ஆகிவிடவில்லை. அச்சுக்குப் போவதென்றால் பணம் வேண்டும். அக்கால வழக்கப்படி, புத்தகம் வெளிவந்தால் வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார்கள். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்வது அதுவே. ஒவ்வொரு கையொப்பமும் பெயர் தெரிந்த ஒரு வாசகரை முன்னால் நிறுத்தியது. யாருக்காக இந்த உழைப்பு என்ற கேள்விக்கு ஊரும் பெயருமாக விடை கிடைத்தது.

கும்பகோணத்தில் ஆசிரியர் வேலை. அச்சு வேலை சென்னையில். விடுமுறைகளில் சென்னைக்குப் போய்த் தங்கி உ.வே.சா. புரூஃப் திருத்தினார். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. அச்சுக்கூடத்தில் எழுத்து கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிட்டு, அவற்றைக் கொண்டே அடுத்த ஃபாரத்தைக் கோப்பார்கள். அச்சாகிப்போன பக்கத்துக்குத் திரும்ப வழியில்லை. நூறாவது பக்கத்தில் புதிதாக ஒரு விளக்கம் கிடைத்தால், பத்தாவது பக்கத்தில் அதைச் சேர்க்க முடியாது. பிழைத்திருத்தப் பக்கத்தில்தான் போட முடியும். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ‘இது போகலாம்’ என்று முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி, சந்தேகத்தைத் தள்ளிப்போடாமல் தீர்க்கும் பழக்கத்தைத் தந்தது. கணினித் திரையில் எதையும் எப்போதும் மாற்றலாம் என்ற வசதி நமக்கு உண்டு. அந்த வசதியாலேயே நாம் இழந்துவிட்ட பயிற்சி இது.

1887இல் சிந்தாமணி வெளிவந்தபோது அதில் மூலமும் உரையும் மட்டும் இல்லை. முகவுரையும் ஆசிரியர் வரலாறும் சீவகன் கதைச் சுருக்கமும் இருந்தன. காப்பியத்தை முதன்முறையாகத் திறப்பவர் கதை தெரியாமல் திகைக்கக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. செய்யுள் இயற்றிப் பழகிய கை வாசகருக்காக வசனம் எழுத வேண்டி வந்தது.

அடுத்தடுத்த நூல்களில் இந்தக் கை தேறுவதை ஆண்டு வரிசையில் பார்க்கலாம். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்களோடு நின்றுவிட்டது. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. யாப்பு கைவந்த புலவருக்கு அந்த இடங்களை நிரப்புவது பெரிய வேலையன்று. அவர் நிரப்பவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தம் அறியாத தமிழ் வாசகருக்காகப் புத்தர் வரலாற்றையும் பௌத்தக் கருத்துகளையும் தனியே எழுதிச் சேர்த்தார். சிந்தாமணியில் சமணத்தோடு தாம் பட்ட பாட்டை வாசகர் படக் கூடாது என்று நினைத்தவரின் செயல் அது. 1907இல் சிந்தாமணி மறுபதிப்பு வந்தபோது, இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கற்றதையெல்லாம் கொண்டு அதைத் திருத்தினார். வெளியான நூலும் அவருக்கு முடிந்துபோன நூலாக இல்லை.

பாயிரம் கேட்கும் கேள்விகள்

உ.வே.சா. நடைமுறையில் கற்ற இவற்றுக்கு நம் இலக்கண மரபில் தெளிவான கோட்பாடு இருக்கிறது. சிறப்புப்பாயிரம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது எந்த நூலுக்குப் பின் எதனோடு தொடர்புடையது என்ற அமைப்பு, பேசும் பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டு. காலம், அரங்கேறிய களம், இயற்றிய காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு.

இதில் கேட்போர், பயன் என்ற இரண்டையும் நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். யாருக்காக எழுதுகிறாய், படித்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று பாயிரம் கேட்கிறது. எந்த நல்ல பதிப்பகமும் கைப்பிரதியைப் புரட்டும் முன் கேட்பது இதையே. எது எதற்குப் பின் வருகிறது என்ற கேள்வியும் அதே அளவு பயனுள்ளது. தன் பொருளில் ஏற்கெனவே வந்த நூல்கள் எவை, அவற்றில் இல்லாத எதைத் தான் சொல்லப்போகிறோம் என்று தெரியாதவர் இன்னும் எழுதத் தொடங்கும் நிலைக்கு வரவில்லை.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் நன்னூல் வகுக்கிறது. குற்றங்களில் சில கைப்பிரதி திருத்தும் எவரும் நாள்தோறும் காண்பவை. வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது, மிகையாகச் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்பின் முரணாகச் சொல்வது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டே போவது, தொடக்கத்தில் இருந்த வலு போகப் போகத் தேய்ந்து முடிவது. முதல் மூன்று அத்தியாயங்களில் உழைப்பையெல்லாம் கொட்டிவிட்டுக் கடைசி அத்தியாயங்களை அவசரமாக முடிக்கும் புத்தகங்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஆனால் எழுதியவர் கண்ணுக்குத் தன் நூலின் குற்றம் எளிதில் படாது. அவர் மனத்தில் இருப்பது தாளில் இல்லாத இடத்தையும் நிரப்பிப் படித்துவிடும். எழுதாமல் விட்டதை உணர வேறொருவர் கண் வேண்டும்.

வசனம் கைவந்த கதை

பழைய நூல்களைப் பதிப்பிப்போருக்கு மட்டுமன்றி, தாமாகவே நூல் எழுதுவோருக்கும் வாசகரை முன்னிறுத்திக் கற்கும் இந்த வழி பொருந்தும். அச்சு வாசகருக்குரிய தமிழ் வசனமே இப்படித்தான் உருவாயிற்று. ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் நிறுவி, 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். தனியே உட்கார்ந்து படிப்பவர் மூச்சு விடும் இடம் அறிந்து நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தவர் அவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நெருங்கிய நண்பர் அவர். மகாவித்துவான் அவர்மீது கோவை பாடியிருக்கிறார். ஒரே ஊரில், ஒரே நட்பு வட்டத்தில், ஒருபுறம் ஓலையில் தலபுராணம், மறுபுறம் அச்சில் நாவல்.

உ.வே.சா. இந்த இரண்டு உலகங்களையும் தம் வாழ்நாளில் கடந்தார். முகவுரைகளில் தொடங்கிய அவருடைய வசனம், பிற்காலத்தில் பத்திரிகை வாசகர்களுக்காக எழுதிய கட்டுரைகளில் இளகித் தெளிந்தது. 1933, 1934ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார். 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியபோது வயது 85ஐ நெருங்கியிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் தொடர் நிறைவுபெறவில்லை; 1950இல் புத்தகமாக வந்தது. இலக்கணப் புலமை இல்லாத வாசகரும் தடையின்றிப் படிக்கும் நடை அது. ஆட்களும் ஊர்களும் உரையாடல்களும் கண்முன் நடமாடும் நடை. அறுபது ஆண்டுகள் பிறருக்கு விளங்க வைத்தே பழகியவரின் கையிலிருந்துதான் அந்த நடை வர முடியும். நன்னூல் சொல்லும் அந்த அரைப் பங்கின் விளைவு அது.

இன்று எழுதுகிறவருக்கு

வேண்டிய படிகளை மட்டும் அச்சிட்டுக்கொள்ளும் தொழில்நுட்பம் இன்று புத்தகம் போடுவதை மிக எளிதாக்கிவிட்டது. அதனால் பணமும் செல்வாக்கும் இல்லாத பலருடைய குரல் நூலாகியிருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனால் கைப்பிரதிக்கும் புத்தகத்துக்கும் இடையே இருந்த சோதனைகளெல்லாம் ஒரேயடியாக உதிர்ந்துவிட்டன. அவை வெறும் தடைகள் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்தாளர் தம் தொழிலைக் கற்றுக்கொண்ட இடமே அவைதாம்.

அந்த இடத்தை மீட்க முயன்றவர்களும் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன், கைப்பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகச் செம்மையாக்குவதைப் பதிப்பகத்தின் கடமையாகக் கொண்டார். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இலும், இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இலும் க்ரியா வழியாக வந்தன. 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்று எழுதப்படும் தமிழில் சொற்கள் எப்படி வழங்குகின்றன என்பதைச் சான்றுகளோடு வகுத்துத் தந்தது. 2020இல் மறையும்வரை ராமகிருஷ்ணன் அந்த அகராதியைத் திருத்தி விரிவாக்கிக்கொண்டே இருந்தார். செம்மையாக்கம் எழுத்தாளரின் தனித்தன்மையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அந்தப் பதிப்பகத்தின் நூல்களே மறுமொழி.

இந்த வரலாற்றிலிருந்து எழுதுகிறவர் எடுத்துக்கொள்ளக்கூடிய நடைமுறை எளிது, உழைப்புத்தான் கடினம். எழுதத் தொடங்கும் முன் யாருக்காக, என்ன பயன், எந்த நூல்களுக்குப் பின் என்ற மூன்றுக்கும் ஒரு பக்கத்தில் விடை எழுதுங்கள். எழுதும்போது நீங்கள் தடுக்கி நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; விளக்கம் வேண்டிய இடங்கள் அவையே. முதல் வரைவு முடிந்ததும் நண்பர் ஒருவரிடம் மட்டும் காட்டாமல், அந்தப் பொருளை வாழ்ந்தறிந்த ஒருவரிடமும், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். முன்னவர் பிழையைக் காட்டுவார். பின்னவர் விடுபட்டதைக் காட்டுவார். சில பக்கங்களை வாய்விட்டு யாருக்காவது படித்துக் காட்டுங்கள். கேட்பவர் கவனம் எங்கே கலைகிறது என்பதை அவர் முகமே சொல்லும். தெரியாததை அழகான சொற்களால் நிரப்பாதீர்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதன்பின் திரும்ப முடியாது என்ற எண்ணத்தோடு புரூஃப் பாருங்கள்.

பதிப்பகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அட்டை வடிவமைப்புக்கும் வெளியீட்டு விழாவுக்கும் ஒதுக்குவதில் ஒரு பகுதியையாவது செம்மையாக்குபவருக்கு ஊதியமாகக் கொடுக்க வேண்டும். கட்டுரை, ஆய்வு நூல்கள் பொருளடைவு இல்லாமல் வெளிவரக் கூடாது. மறுபதிப்பு என்றால் திருத்தம் என்று பொருள்பட வேண்டும். அட்டையை மட்டும் மாற்றி அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். ஓவியர் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் போடும் பக்கத்தில், அந்த நூலை வரிவரியாகப் படித்துத் திருத்தியவர் பெயரும் இடம்பெற வேண்டும். அந்த வேலைக்கு ஒரு பெயரும் ஊதியமும் கிடைக்கும்போதுதான் அதைத் தொழிலாகக் கற்க இளைஞர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால், முதல் நூல் எழுதுகிறவருக்கு ஏழாண்டு அலையாமலேயே கற்றுக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும்.